ஒன்பதாம் கரை

கொழுந்தன் வீட்டு மதிலில் விரிசல் விழுந்திருக்கிறது என்று கொத்தனார் வந்து சொன்னபோது முடிச்சக்கா வலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அப்படியா? ஐயோ பாவம்" என்றாள். ஊசியை இன்னும் இரண்டு கண்ணி ஓட்டினாள். கொத்தனாரின் சைக்கிள் தெருமுனை திரும்பி மறைந்த பிறகுதான் சிரித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது.

அந்தச் சிரிப்புக்காக அவளைக் குறை சொல்வதற்கு முன்னால் நடந்ததைக் கேட்டுவிடுங்கள். கேட்ட பிறகு குறை சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

ஏரியில் மொத்தம் பன்னிரண்டு படகு. பன்னிரண்டு படகின் வலைகளையும் பழுது பார்ப்பவள் அவள் ஒருத்திதான், அதனால் ஊருக்கெல்லாம் முடிச்சக்கா. அவள் போட்ட முடிச்சு லேசில் அவிழாது என்று அவள் முகத்துக்கு நேரே பாராட்டுவார்கள். மனசில் போட்டதும் அவிழாது என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

படகு ஒன்று அவள் கணவருடையது. வீச்சுவலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் தோளிலிருந்து கிளம்பிய வலை தண்ணீர்மேல் வட்டமாக விரிந்து இறங்குவதைப் பார்க்கவே மற்ற படகுக்காரர்கள் துடுப்பை நிறுத்துவார்கள். அவருடைய தம்பிக்கு மீன் பிடிக்கிற வேலை பிடிக்கவில்லை. கடைவீதியில் கண்ணாடித் தொட்டிகளை அடுக்கி வண்ணமீன் விற்றான். வியாபாரம் நன்றாகவே ஓடியது. ஏரியோரம் மாடிவீடு கட்டினான், வீட்டுக்கு முன்னால் புல்தரை போட்டான், புல்தரை தண்ணீரில் சரியாமலிருக்கக் கருங்கல் மதில் எழுப்பினான். பிறகு போதும் என்று கடையை மூடினான்.

மூடும்போது விலைபோகாமல் மிஞ்சியவை டேங்க் கிளீனர் மீன்கள். பார்த்திருப்பீர்கள், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும். விரல் நீளத்தில் இருக்கும்வரை குழந்தைகள் ஆசையாகக் கேட்கும். முழ நீளம் வளர்ந்துவிட்டால் வாங்க நாதியில்லை. நாற்பது உருப்படி இருந்தன. கொல்ல மனசு வரவில்லையாம். இரண்டு டிரம்மில் போட்டுக்கொண்டுபோய் ஏரியில் விட்டான். "உயிராச்சே அண்ணி, பாவம்" என்று அவனே வந்து பெருமையாகச் சொன்னான். முடிச்சக்காவும் அன்றைக்கு, "நல்ல காரியம் தம்பி" என்று சொல்லித் தொலைத்தாள்.

நல்ல காரியம் நாலே வருஷத்தில் ஏரியை நிரப்பிவிட்டது. அந்த மீனுக்கு உடம்பெல்லாம் ஓடு. படகில் விழுந்தால் தகரம் விழுகிற சத்தம் கேட்கும், அதனால் ஏரிக்காரர்கள் அதைத் தகரம் என்றே கூப்பிட்டார்கள். அதன் துடுப்பிலுள்ள முள் ஒவ்வொன்றும் ரம்பம், வலையைக் கிழிக்காமல் வெளியே வராது. கெண்டை இட்டுவைத்த முட்டையை ஒன்றுவிடாமல் வழித்துத் தின்றுவிடும். வேண்டாத மீனைக் கரையில் வீசிவிட்டுப் போவது ஏரிக்காரர்களின் பழக்கம். தகரத்தையும் அப்படியே வீசினார்கள். அது காலையில் விழுந்த இடத்தில் சாயங்காலம்வரை உயிரோடு கிடக்கும், ஒரு தூறல் விழுந்தால் நெளிந்து நெளிந்து தண்ணீருக்கே போய்ச் சேர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கவே அவர்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது. அந்த வருஷம் முழுக்கப் பிடித்த மீனையே திரும்பப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு தகரத்தை வலையிலிருந்து பிரிக்கும்போதுதான் முள் அவள் கணவரின் வலது உள்ளங்கையில் இறங்கியது. சின்னக் குத்துதானே என்று துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் தொழிலுக்குப் போனார். மூன்றாம் நாள் கை முழங்கைவரை வீங்கிவிட்டது. கையைக் காப்பாற்றுவதற்காக நடுவில் மூன்று விரல்களை எடுத்தார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. அவற்றை வைத்துக்கொண்டு அவரால் ஒரு சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை.

கொழுந்தன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். வராமலேயே இருந்திருக்கலாம். கட்டிலைச் சுற்றி ஏரிக்காரர்கள் நின்றார்கள். அவர்களில் யாரோ, "எல்லாம் நீங்க விட்ட மீனாலதான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்கள். அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"மீன் என்ன தானா வந்து குத்துச்சா? புடிக்கத் தெரிஞ்சவன் கையில எதுவும் ஏறாது" என்றான்.

அண்ணனை எதிரில் வைத்துக்கொண்டு, கட்டுப்போட்ட அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவர் வீச்சுவலையை எடுக்கவே இல்லை, யாரோடும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. முடிச்சக்காவும் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டினால் பிழைத்துக்கொள்ளலாம், பேசாமலிருந்தால்தான் ஆபத்து. இது எல்லோருக்கும் தெரியும், கொழுந்தனுக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் மீன்வளத் துறையிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தார். படகுக் கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்துப் பூசி மெழுகாமல் சொன்னார்.

"ரெண்டே வழிதான். மருந்து போட்டு ஏரியில இருக்கற அத்தனையையும் கொன்னுட்டு மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். அப்படின்னா அஞ்சு வருஷத்துக்கு யாரும் வலை எறக்க முடியாது. இல்லைன்னா நீங்களே இதைப் புடிச்சுக் குறைக்கணும். ரெண்டு கோடை டைம் தரேன். ரெண்டாவது கோடை முடிவுல நாங்க வலை போட்டுப் பார்ப்போம். பத்து மீன்ல ஒண்ணுக்கு மேல இது வந்துச்சுன்னா மருந்துதான். எனக்கும் அதுல ஆசை கிடையாது."

ஐந்து வருஷம் என்றால் பன்னிரண்டு குடும்பமும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வழி கண்டுபிடித்தவள் முடிச்சக்காதான். அந்தப் பெருமையை அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. இந்த மீனில் ஆண் கரையோரக் களிமண்ணில் கைநீளத்துக்குப் பொந்து தோண்டும், பெண் அதில் முட்டையிடும், ஆண் வாசலில் காவல் இருக்கும். காவல்காரனைப் பிடித்துவிட்டால் முட்டையும் போச்சு. பொந்தின் வாயில் பொருத்துகிற மாதிரி, கயிற்றை இழுத்தால் சுருங்குகிற பைவலை ஒன்றைப் பின்னினாள். பையைப் பொருத்திவிட்டு, கரையின் மேலிருந்து மண்ணுக்குள் கம்பியை இறக்கிக் குத்தினால் தகரம் தலைகால் தெரியாமல் பைக்குள் பாயும். முட்டையை வழித்துவிட்டுப் பொந்தைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிட வேண்டும். முதல் நாளே எண்பது பிடித்தார்கள்.

கரையைப் பன்னிரண்டாகப் பிரித்து எண் எழுதிய கம்புகளை நட்டார்கள். ஒன்பதாம் கரை கொழுந்தன் வீட்டு மதிலோரம் வந்தது. "அது எனக்கு விட்டுடுங்க. நம்ம குடும்பத்து வீடு, நானே பார்த்துக்கறேன்" என்றாள். ஏரியில் முதன்முதலில் படகுக்கு மோட்டார் மாட்டியவர் ஒருவர் உண்டு. எல்லோரும் அவரை மோட்டார் என்பார்கள், ஏரிக்காரர்களுக்கு அவர்தான் தலைவர் மாதிரி. அவர் அப்படியே உருகிப்போனார். "அவரு அப்படிப் பேசியும் நீங்க இப்படி நிக்கறீங்களே. மனசுன்னா இதுதான்க்கா மனசு."

மனசாம்!

முதல் நாள் இடுப்பளவு தண்ணீரில் மதிலோரமாக நடந்து, அடிக்கல்லுக்குக் கீழே காலால் துழாவினாள். களிமண்ணில் பதினொரு பொந்து. ஒரு பொந்திலிருந்து மீன் தலையை நீட்டியது. அதை எட்டிப் பிடித்து இரண்டு கையாலும் தூக்கினாள். ஓட்டுக்குள்ளிருந்து சின்னக் கண் அவளைப் பார்த்தது. தலைக்கு மேலே மதிலின் உச்சியில் பூந்தொட்டிகள், அதற்கப்பால் கொழுந்தன் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். மற்ற பதினொரு கரையிலும் விரட்டினால் இதெல்லாம் எங்கே போகும் என்று யோசித்தாள். இங்கேதான் வரும். வந்து என்ன செய்யும்? தோண்டும்.

மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டாள். "தோண்டுங்கடா. நல்லாத் தோண்டுங்க" என்றாள்.

கோடையில் தண்ணீர் இறங்கினால் பொந்துகள் வெளியே தெரியும். அதற்கும் வழி செய்தாள். மதிலுக்கு முன்னால் வரிசையாகக் கம்பு நட்டு, பழுது பார்க்க வந்த வலைகளை அதில் தொங்கவிட்டாள். வலை பின்னுகிறவள் வலையை எங்கே காயப்போடுகிறாள் என்று யார் கேட்கப்போகிறார்கள்? வாராவாரம் கொட்டகையில் ஒவ்வொருவராகச் சொல்லும்போது அவள், "ஒன்பதுல ஒண்ணுமில்ல. கருங்கல்லாச்சே, எங்க பொந்து வைக்கும்?" என்பாள். ஆமாமாம் என்று தலையாட்டுவார்கள். கல்லைப் பார்த்தார்கள், கல்லுக்குக் கீழே மண்தானே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பதினொரு பொந்து நாற்பதாயிற்று. நூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டாள். முதலில் புல்தரையில் ஓர் இடம் பள்ளமானது. பிறகு கொழுந்தனின் நாற்காலிக் கால் ஒன்று உள்ளே இறங்கி அவன் பக்கவாட்டில் சரிந்தான், அதை அவள் தண்ணீரிலிருந்து கண்குளிரப் பார்த்தாள். இரண்டாவது கோடையில்தான் அந்த விரிசல் விழுந்தது. கொத்தனார் சிமென்ட் பூசினார். பத்தே நாளில் பக்கத்தில் இன்னொரு விரிசல் விழுந்தது. முடிச்சக்கா அவன் வீட்டுக்குப் போய், அவன் பெண்டாட்டி கொடுத்த டீயைக் குடித்தபடி, "மண்ணு சரியில்ல போல தம்பி" என்று வருத்தப்பட்டாள். "என்ன கொடுமையோ அண்ணி, தூக்கமே வரல" என்றான். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள். வயிறெரிந்து கிடந்தவளுக்கு அந்த டீ அப்படி இறங்கியது.

அதிகாரியம்மா கடைசிப் பரிசோதனைக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு முறை வலை போட்டுப் பார்த்தார். பெரிய தகரங்கள் அநேகமாக இல்லை. ஆனால் விரல் நீளக் குஞ்சுகள் வலை முழுக்கத் துள்ளின. அவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எங்கயோ ஒரு எடத்துல பொரிச்சுக்கிட்டே இருக்கு. நீங்க விட்டுட்ட எடம் ஏதோ இருக்கு. அதைக் கண்டுபுடிக்கலைன்னா இவ்வளவு பாடுபட்டதும் வீண்."

மறுநாள் முதல் பொழுதெல்லாம் தண்ணீரில் கிடந்து, அடைத்த பொந்துகளையே திரும்பத் தோண்டிப் பார்த்தார்கள். மோட்டாருக்குக் கால் விரலெல்லாம் வெந்துபோயிற்று. முடிச்சக்காவுக்கு உள்ளுக்குள் பகீரென்றுதான் இருந்தது. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மதில் அப்போது நன்றாகவே சாய்ந்திருந்தது. இன்னும் பத்து நாள், மிஞ்சிப்போனால் பன்னிரண்டு நாள். விழட்டும், விழுந்த மறுநாளே அத்தனையையும் நானே வழித்துவிடுகிறேன் என்று தனக்குத்தானே வாக்குக் கொடுத்துக்கொண்டாள். பழி தீர்க்கிறவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு பத்து நாள் வேண்டியிருக்கிறது.

அவள் கணவர் இப்போது மோட்டாரின் படகில் இடது கையால் சுக்கான் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் மத்தியானம் படகு ஒன்பதாம் கரையைத் தாண்டும்போது சுக்கானைத் திருப்பினார். கம்பில் தொங்கிய வலை அவருடைய வீச்சுவலை. மூன்று வருஷமாக வீட்டுப் பரணில் கிடந்தது. அதில் ஒரு கிழிசல் கிடையாது. கிழியாத வலையைப் பழுது பார்க்க எதற்குத் தொங்கவிட வேண்டும்? வலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெல்ல இறக்கிவிட்டார். மோட்டாரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"எத்தனை நாளா?"

அவள் மழுப்பவில்லை. "மொத நாள்லேருந்து."

"ஏன்?"

"ஏன்னு கேக்கறீங்களா? உங்க கையைப் பார்த்து அவன் சொன்னது உங்களுக்கு மறந்துடுச்சா? எனக்கு மறக்கல. ஒவ்வொரு தடவ உங்களுக்குப் பொத்தான் போட்டுவிடும்போதும் காதுல கேக்குது. உங்களுக்காகத்தான் செஞ்சேன்!"

அவர் வலது கையை அவள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். அவர் அதை யாருக்கும் காட்டி அவள் பார்த்ததில்லை.

"இது என் கை. இத சாக்கா வெக்காத. அவன் மேல உனக்கு ஆத்திரம், தீத்துக்கிட்ட. ஏரிய எடுத்துத் தீத்துக்கிட்ட பாரு, அது என்னுது மட்டுமில்ல. நாளைக்கு நீ சொல்றியா, நான் சொல்லவா?"

மறுநாள் விடியும்போதே அவள் பைவலையையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு மதிலடிக்கு ஓடினாள். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டால் சொல்லவே வேண்டாம் என்ற நப்பாசை. வாசலில் இருந்த பதினான்கைப் பிடித்தாள். அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. பொந்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து மதிலுக்கு அடியில் உள்ளே உள்ளே போயிருந்தன. மேலிருந்து கம்பியை இறக்கலாம் என்றால் மேலே மண் இல்லை, கருங்கல். ஏரி முழுக்கச் செல்லுபடியான அவள் தந்திரம் அவள் காப்பாற்றி வைத்த இடத்தில் மட்டும் செல்லவில்லை. தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். விரல் நுனியில் முட்டைக் கொத்து வழுக்கியது. முழங்கை முழுக்கச் சிராய்த்துக்கொண்டு கரையேறி, ஈர உடையோடே கொட்டகைக்குப் போனாள்.

சொன்னாள். அழவில்லை, காரணமும் சொல்லவில்லை. எங்கே, எத்தனை, எத்தனை நாளாக என்பதை மட்டும் சொன்னாள். யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் அவளும் திருப்பிக் கத்தியிருப்பாள், அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. யாரும் கத்தவில்லை. மோட்டார் வெந்துபோன கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களத் திட்ட நேரமில்ல. இன்னும் எட்டு நாள்தான் இருக்கு" என்றார்.

மதிலை எடுத்தால்தான் பொந்துக்குப் போக முடியும் என்று அதிகாரியம்மா ஆள் வைத்து அளந்து பார்த்தார். மதில் ஏரியின் எல்லைக்குள் ஒன்றரை முழம் தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. இரண்டே நாளில் இடிக்க உத்தரவு வந்தது.

உங்களைத் தவிக்கவிடுவானேன், சொல்லிவிடுகிறேன். ஏரி பிழைத்தது. பத்துக்கு ஒன்று என்ற இடத்தில் நூலிழையில் தப்பியது, மருந்து போடவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது மதில் விழுந்த நாளைப் பற்றி.

அன்று காலை எட்டு மணிக்கே பன்னிரண்டு படகும் வந்துவிட்டன. கடப்பாரை, மண்வெட்டி, கூடைகள் எல்லாம் இறங்கின. முடிச்சக்கா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பின்னிய இருபது பைவலைகளோடு வந்தாள். தண்ணீருக்கு இறங்கும் படியில் கால் வைக்கப்போனபோது மோட்டார் குறுக்கே நின்றார்.

"பைய குடுங்க. நீங்க வேண்டாம்."

"இது என் கரை."

"இனிமே அண்ணன் கரை."

அவள் கணவர் ஏற்கெனவே இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பைகளைக் கொடுத்துவிட்டுச் சாலையில் போய் நின்றாள்.

முதல் கல் பெயர்ந்ததும் மதில் தானே வழிவிட்டது. நடுப்பகுதி வயிறு தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, பூந்தொட்டிகளோடு சேர்ந்து தொபீரென்று தண்ணீரில் விழுந்தது. பின்னாலேயே புல்தரை மடிந்து இறங்கியது. அந்த நாற்காலியும் சறுக்கிக்கொண்டு வந்து சேற்றில் குப்புற விழுந்தது. பிளந்த மண்ணுக்குள்ளிருந்து தகரங்கள் கொட்டின, படகுகளில் விழுந்து சடசடத்தன. இரண்டு கோடையாக அவள் படுக்கையில் புரண்டு புரண்டு பார்த்த காட்சி. அவள் ஆசைப்பட்டதில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரே ஒரு கல்லையாவது தன் கையால் பெயர்க்க வேண்டும் என்று விரல்கள் பரபரத்தன. படகுக்காரர்களின் மனைவிமார் டீக் கேனோடு அவளைத் தாண்டிப் போனார்கள். எல்லோருக்கும் ஊற்றினார்கள், திரும்பி வரும்போதும் தாண்டியே போனார்கள்.

கொழுந்தனையும் கிட்டே விடவில்லை. கத்திப் பார்த்து, போன் போட்டுப் பார்த்து, கடைசியில் ஓய்ந்து சாலைக்கு வந்தான். அங்கே நிழல் என்று ஒரு மரத்தடிதான் இருந்தது. அதில் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, "வெயில்ல நிக்காதீங்க அண்ணி" என்றான். அவள் நகரவில்லை.

"நான் தெரியாம விட்டேன் அண்ணி. இப்படி ஆகும்னு சத்தியமா தெரியாது. நீங்க... தெரிஞ்சேவா விட்டீங்க?"

குத்தலாகக் கேட்டிருந்தால் பதில் இருந்தது. மூன்று வருஷமாகத் தீட்டித் தீட்டி வைத்திருந்த பதில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொடங்குவது. அவனோ புரியாமல்தான் கேட்டான். அவள் வாயைத் திறந்தாள். கீழே படகுகளிலிருந்து பெரிதாக ஒரு சத்தம் எழுந்தது. அவள் கணவர் பையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் ஒரு முழத் தகரத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு படகும் விசிலடித்தன. அவர் சிரித்தார். விரல்கள் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. சிரித்தபடியே சுற்றி எல்லோரையும் ஒரு முறை பார்த்தார், சாலைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

கொழுந்தன் மரத்தடியில் சற்றே ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டான். அந்த ஏரியில் அவளோடு பேச இனி அவன் ஒருத்தன்தான் மிச்சம். அவள் போய் அவன் பக்கத்தில் நின்றாள்.